தோட்டத்தில் கருங்கல் தளம்: சதுர அடிக்கு 340 ரூபாய் எங்கே போகிறது

காட்பாடியில் எங்கள் தோட்டத்தில், வீட்டின் பின்சுவரை ஒட்டி 15 அடி நீளம், 12 அடி அகலத்துக்குக் கருங்கல் தளம் போட்டு முடித்திருக்கிறோம். நாலு நாற்காலி போடலாம், வெயில் காலத்தில் வடாம் பிழியலாம், சாயங்காலம் அம்மா காலாற நடக்கலாம். மொத்தச் செலவு 61,145 ரூபாய். 180 சதுர அடி என்பதால், சதுர அடிக்கு ஏறக்குறைய 340 ரூபாய் வருகிறது. இதில் மேலே கண்ணுக்குத் தெரிகிற கல்லின் விலை 16,575 ரூபாய்தான்.

இந்தக் கடைசி எண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விசாரித்த இடத்தில் எல்லாம் சதுர அடி ரேட் ஒன்றை மட்டும் சொன்னார்கள். அந்த ரேட்டில் கல் இருக்கிறது, ஒட்டுகிற கூலி இருக்கிறது. கல்லுக்கு அடியில் என்ன போடுவார்கள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், தோண்டிய மண்ணை யார் அள்ளுவார்கள் என்பது எதுவும் அதில் இல்லை. தளம் நிற்பதும் அமுங்குவதும் அந்த விட்டுப்போன வேலைகளில்தான் இருக்கிறது.

எங்கள் மனை ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். வேலூரைச் சுற்றி இப்படி நஞ்சை மனையான இடங்கள் நிறைய உண்டு. மேலே அரை அடிக்குச் செம்மண் கொட்டி நிரவியிருந்தாலும் கீழே இருப்பது களிமண். சித்திரையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊறி உப்பும். இப்படி வருஷத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குகிற மண்ணின் மேல் எதை நேரடியாகப் பதித்தாலும் அதுவும் கூடவே ஏறி இறங்கும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் போன வருஷம் பேவர் பிளாக் போட்டார்கள். முதல் மழைக்காலம் முடிந்தபோது நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்கியது, ஓரக் கற்கள் சாய்ந்தன. பிளாக்கில் ஒரு குறையும் இல்லை. அடியில் மண்ணை இறுக்காமல், கல் உடைக்கிற இடத்துத் தூளான கிரஷர் டஸ்ட்டை மட்டும் தூவி அடுக்கியிருந்தார்கள்.

எங்களுக்கு வந்த முதல் கொட்டேஷன் சதுர அடிக்கு 95 ரூபாய், பேவர் பிளாக், ‘எல்லாம் சேர்த்து’. எவ்வளவு ஆழம் தோண்டுவீர்கள் என்று கேட்டதற்கு, “தோண்டவே வேண்டாம் சார், இருக்கிற மண்ணு மேலயே போட்டுடலாம்” என்று பதில் வந்தது. இன்னொருவர் 160 சொன்னார். அவர் பட்டியலில் ஜல்லி இருந்தது, கான்கிரீட் இல்லை. மூன்றாவதாக வந்தவர் எங்கள் மாடிப்படி வேலை செய்த மேஸ்திரி. அவர் ரேட் எதுவும் சொல்லவில்லை. கடப்பாரையால் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து திரி மாதிரி உருட்டினார். அது உடையாமல் நீண்டது. “சார், கல்லுக்கு எவ்ளோன்னு அப்புறம் பாப்போம். அடியில போடுறதுக்கு முதல்ல காசு எடுத்து வைங்க” என்றார். பொருளெல்லாம் நாங்கள் வாங்கித் தருவது, கூலி மட்டும் அவருக்கு என்று பேசி முடித்தோம்.

எந்தக் கல் என்பதை முடிவு செய்ய, கத்திரி வெயில் சமயத்தில் கடைகளிலிருந்து நாலு மாதிரித் துண்டுகள் வாங்கி வந்து தோட்டத்தில் நிழல் விழாத இடத்தில் வைத்தோம்: கடப்பா கல், சிவப்பு பேவர் பிளாக், வெளிர் நிற பார்க்கிங் டைல், தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய சாம்பல் நிறக் கருங்கல். மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்றோம். கடப்பா கல்லில் கால் வைத்த வேகத்தில் எடுக்க வேண்டியிருந்தது. உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெள்ளைக் கோட்டைத் தவறவிட்டால் கால் படுகிற பாடுதான். சிவப்பு பிளாக்கும் சுட்டது. சாம்பல் கருங்கல்லும் வெளிர் டைலும் சூடாகத்தான் இருந்தன, ஆனாலும் நாலு அடி நடக்க முடிந்தது. பிறகு எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி ஈரக்காலால் தேய்த்துப் பார்த்தோம். டைல் கொஞ்சம் வழுக்கியது. கருங்கல் பிடித்து நிறுத்தியது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் இந்தச் சோதனைதான் எங்களுக்கு முக்கியம்.

கடைசியாக அரை எலுமிச்சம்பழத்தை எல்லாவற்றின் மேலும் பிழிந்து கால் மணி நேரம் விட்டுத் துடைத்தோம். கடப்பா கல்லில் சாறு பட்ட இடம் மட்டும் வெளுத்து மங்கிப்போயிருந்தது. அது சுண்ணாம்புக் கல் இனம், புளிப்பு பட்டால் அரிக்கும். கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம், மோரும் ரசமும் சிந்தத்தான் செய்யும். கடப்பா கல் மலிவு, சித்தூர் வழியாக லாரியில் வந்து இறங்குகிறது, நிழலான முற்றத்துக்கு அருமையான கல். திறந்தவெளிக்கு, அதுவும் நம் ஊர் வெயிலுக்கு, நான் அதைச் சொல்லமாட்டேன். வேலூர்க் கோட்டையைக் கட்டியதே கருங்கல்லில்தான். சுற்றிலும் நிற்கிற மலையெல்லாம் கல்லாக இருக்கிற ஊரில் கல்லுக்குப் பஞ்சமா என்று தோன்றியது. சதுர அடி 85 ரூபாய்க்கு, ஓர் அங்குல கனத்தில், இரண்டடிக்கு ஓரடி அளவில் வெட்டிய கல் கிடைத்தது.

தீயில் சுட்ட கல் என்றால் பலருக்குச் சந்தேகம் வருகிறது. கல்லின் மேல்பரப்பில் கடுமையான நெருப்பை வேகமாக ஓட்டுவார்கள். மேலே இருக்கிற மணிகள் வெடித்துச் சிதறி, பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். கல்லின் உறுதி இதில் கொஞ்சம் குறையும், நடக்கிற தளத்துக்கு அது பாதகமில்லை. பாலிஷ் போட்ட பளபளப்புக் கல் இதைவிடப் பார்க்க அழகாக இருக்கலாம். மழை பெய்யும் இடத்தில் அதைப் பதிப்பது ஆபத்து.

வேலையை ஆடியில் தொடங்கினோம். ஆடி மாதத்தில் புதுவீட்டு வேலை யாரும் தொடங்கமாட்டார்கள் என்பதால் நல்ல கொத்தனார்கள் அப்போதுதான் கைக்குக் கிடைப்பார்கள். தோட்டத்துச் சின்ன வேலைக்கு நாள் பார்க்கத் தேவையில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

முதலில் பார்த்தது பூமிக்கு அடியில் போகிற குழாய்களை. செப்டிக் டேங்க் லைனின் சேம்பர் மூடி ஒன்று தளத்துக்குள் வருவதாக இருந்தது. தளத்தையே இரண்டடி தள்ளிப் போட்டு அதை வெளியே விட்டோம். அதை மூடிப் பதித்திருந்தால், அடைப்பு வருகிற அன்று கல்லை உடைக்க வேண்டியிருக்கும். மூலையில் வேப்பமரம். தோண்டும்போது கைத்தண்டி வேர் ஒன்று தென்பட்டது. அதை வெட்டவில்லை. மரத்தைச் சுற்றி மூன்றடி விட்டு, அந்த இடத்தில் கூழாங்கல் மட்டும் நிரப்பிக்கொண்டோம். மரத்துக்குத் தண்ணீர் இறங்கும், வேர் தடித்தாலும் கல்லைத் தூக்காது.

எட்டு அங்குலம் தோண்டினோம். கணக்குப் போட்டால் 120 கன அடி மண். தோண்டிய மண் பொலபொலவென்று பெருகிவிடும் என்பதால் ஒன்றரை யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) மேல் வந்தது. கொஞ்சம் செடிப் பாத்திக்கு ஒதுக்கிவிட்டு மீதியை டிராக்டரில் அனுப்பினோம். இதைக் கொட்டேஷனில் யாரும் எழுதவே இல்லை. தோண்டுகூலியும் மண் அள்ளியதும் சேர்த்து 5,400 ரூபாய்.

குழியில் தண்ணீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த காம்பாக்டரை ஓட்டி அடிமண்ணை இறுக்கினார்கள். அதன்மேல் மூன்று அங்குலம் கிராவல், மறுபடி இறுக்கல். திமிசுக் கட்டையாலும் செய்யலாம்தான். ஆனால் 180 சதுர அடியைக் கையால் ஒரே சீராக இடிப்பது பெரும்பாடு. ஆயிரம் ரூபாய் வாடகை இந்த வேலையிலேயே உருப்படியாகச் செலவழிந்த ஆயிரம் என்று சொல்வேன். இறுக்கி முடித்த பிறகு கிராவலில் குதிகாலால் உதைத்துப் பார்த்தால் தடம் விழவில்லை.

அதற்கு மேல் நாலு அங்குலம் கான்கிரீட். ஒன்றரை அங்குல ஜல்லி; சிமென்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவை. 60 கன அடிக்கு ஆறு மூட்டை சிமென்ட் பிடித்தது. கல் பதிக்கிற கலவைக்கு நாலு மூட்டை, ஓரம் கட்டவும், கல் இடுக்குகளைப் பூசி அடைக்கிற பாயிண்டிங்குக்கும் இரண்டு, ஆக 12 மூட்டை. எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) வந்து இறங்கியதும் மேஸ்திரி ஒரு பிடியைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். மதியச் சாப்பாடு முடிந்து பார்த்தோம். மணல் அடியில் படிந்து, அதன்மேல் மாவு மாதிரி தூசி ஒரு மெல்லிய கோடாக நின்றது. அந்தக் கோடு தடிமனாக இருந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அந்தத் தூசி சிமென்டைப் பிடிக்க விடாது என்றார். எங்களுக்கு வந்தது நல்ல மணல்.

தண்ணீர் வடிய வாட்டம் (சரிவு) வைப்பது கான்கிரீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. மேலே கலவையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் வைக்கலாம் என்று விட்டால், ஒரு பக்கம் கலவை தடித்து மறுபக்கம் மெலிந்துபோகும். டியூப் மட்டம் பிடித்து, வீட்டுச் சுவர்ப் பக்கம் உயரமாகவும் தோட்டப் பக்கம் தாழ்வாகவும், 12 அடி அகலத்துக்கு இரண்டரை அங்குல இறக்கம் கொடுத்தார்கள். அறுபது அடிக்கு ஓர் அடி என்கிற கணக்குதான். நாற்காலி ஆடாது, தண்ணீரும் நிற்காது. ஓர் அங்குல மழை பெய்தால் இந்தத் தளத்தில் மட்டும் 425 லிட்டர் தண்ணீர் விழும். அது சுவர்ப் பக்கம் திரும்பினால் அஸ்திவாரத்துக்குள்தான் போகும். தாழ்ந்த ஓரத்தில் சின்னக் கால்வாய், ஒரு சேம்பர், அங்கிருந்து நாலு அங்குல பிவிசி பைப் வழியாக வீட்டு மழைநீர்த் தொட்டிக்கு. 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டி, மாடித் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இப்போது தோட்டத் தண்ணீரும் அதில் இறங்குகிறது. தளம் நிலைப்படியை விட ஒரு படி தாழ்ந்தே இருக்கும்படியும் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுச் சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்டு தெர்மகோல் பட்டை வைத்தார்கள். வெயிலில் தளம் விரியும். சுவரோடு ஒட்டிப் போட்டால் ஏதாவது ஒன்று வெடிக்கும். மற்ற மூன்று பக்கமும் நாலு அங்குல சாலிட் பிளாக்கை மண்ணுக்குள் இறக்கி ஓரம் கட்டினார்கள். ஓரம் கட்டாத தளம் விளிம்பிலிருந்துதான் உதிர ஆரம்பிக்கும்.

கான்கிரீட் போட்ட மறுநாள் ஆடிக் கிருத்திகைக்காக ஆட்கள் எல்லோரும் ரத்தினகிரிக்கும் திருத்தணிக்கும் கிளம்பிவிட்டார்கள். அது நல்லதாகவே போயிற்று. ஒரு வாரமாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டிய கான்கிரீட் அது. கோணியை நனைத்துப் பரப்பி, காலையும் மாலையும் நாங்களே தண்ணீர் ஊற்றினோம். அவசரப்பட்டு அதன்மேல் உடனே கல் ஏற்றச் சொல்லியிருந்தால் அந்த உறுதி வந்திருக்காது.

கல் வந்த அன்றைக்குத்தான் தூக்குகூலி என்றால் என்ன என்று புரிந்தது. இரண்டடிக் கல் ஒன்று 13 கிலோ வரும். சேதாரத்துக்கும் சேர்த்து 195 சதுர அடி வாங்கியதால் மொத்தம் ஒரு டன்னைத் தாண்டியது. குட்டி யானை தாங்காது, பெரிய பிக்கப் வண்டிதான். எங்கள் வீட்டுப் பக்கச் சந்து மூன்றடி அகலம். வண்டி தெருவிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு கல்லையும் ஆள்தான் சுமக்க வேண்டும். வண்டி வாடகையும் இறக்குகூலியும் 2,500, சந்து வழியாகப் பின்னால் கொண்டுபோக 1,800. வண்டி நேராகத் தோட்டத்துக்குள் போகிற வீடுகளுக்கு இந்த இரண்டாவது தொகை இருக்காது.

பதிக்கும்போது நான் பக்கத்திலேயே நின்று பார்த்த ஒரு விஷயம். கல்லின் அடியில் சிமென்ட் பாலைத் தடவி, ஒன்றரை அங்குலக் கலவை மேல் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு வரிசை முடிந்ததும் மேஸ்திரி கரணையின் கைப்பிடியால் ஒவ்வொரு கல்லின் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டிக்கொண்டே போனார். எல்லாம் ‘டங்’ என்று கனமாகக் கேட்டது. ஒரு கல்லின் மூலையில் மட்டும் ‘டொக்’ என்று காலியாகக் கேட்டது. எதுவும் சொல்லாமல் அந்தக் கல்லை நெம்பி எடுத்தார். அடியில் உள்ளங்கை அளவுக்குக் கலவை படாத இடம் இருந்தது. “இதுல நாற்காலி கால் ஏறி உக்காந்தா கல்லு ரெண்டா போயிடும் சார்” என்று சொல்லிவிட்டு, கலவையைச் சுரண்டி மறுபடி போட்டுப் பதித்தார். பதித்த கூலி சதுர அடிக்கு 45 ரூபாய். டைலுக்கு இதைவிடக் குறைவாகக் கேட்பார்கள். கனமான கல்லைத் தூக்கி வைத்து இப்படித் தட்டிப் பார்க்கிற ஆளுக்கு 45 கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை.

இப்போது பணக் கணக்கு. தோண்டி மண் அள்ளியது 5,400, காம்பாக்டர் 1,000, கிராவல் 2,500. சிமென்ட் 12 மூட்டை, மூட்டை 360 வீதம் 4,320. எம் சாண்ட் ஒரு யூனிட் 6,200, ஜல்லி 3,300, சாலிட் பிளாக் 1,150, பைப்பும் சேம்பரும் கம்பி மூடியும் 2,400, கான்கிரீட் போட்டு ஓரம் கட்டிய கூலி 5,000. இதுவரை 31,270. அதாவது, கல் வந்து இறங்குவதற்கு முன்பே பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. அதற்குப் பிறகு கல் 16,575, வண்டி 2,500, சுமந்தது 1,800, பதித்த கூலி 8,100, டீ, பன், சில்லறைச் சாமான் 900. நூறு ரூபாய் செலவழித்தால் அதில் 27 ரூபாய்தான் கல்லுக்கு.

கல்லின் விலை மொத்தத்தில் கால் பங்கு சொச்சம் என்று தெரிந்த பிறகு, கல்லில் பேரம் பேசி ரொம்ப மிச்சம் பிடிக்க முடியாது என்பதும் தெரிந்துவிடுகிறது. சதுர அடிக்கு 10 ரூபாய் குறைத்து வாங்கியிருந்தால் 1,950 ரூபாய் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். மிச்சம் பிடிக்க நல்ல வழி அளவைக் குறைப்பது. நாலு பேர் உட்கார 10 அடிக்கு 10 அடியே போதும். எம் சாண்டில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு மிஞ்சியது, அதை மதில் பூச்சுக்கு வைத்திருக்கிறோம். அக்கம்பக்கத்தில் யாராவது வேலை வைத்திருந்தால் லோடைப் பகிர்ந்துகொள்ளலாம். கான்கிரீட்டையும் இறுக்குவதையும் மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். செம்மண் பூமி, மண் கெட்டி என்றால் நாலு அங்குலத்துக்கு மூன்று போதும் என்று மேஸ்திரியே சொன்னார். எங்கள் களிமண்ணுக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பேவர் பிளாக்கை நான் குறை சொல்லவில்லை. அடியில் குழாய் போகிற இடம், நாளைக்குக் கழற்ற வேண்டியிருக்கும் இடம், வாடகை வீடு என்றால் அதுவே சரி. கலவை இல்லாமல் அடுக்குவதால் எடுத்துவிட்டு மறுபடி போடலாம். நடக்கிற இடத்துக்கு 60 எம்எம், கார் ஏறுகிற இடத்துக்கு 80 எம்எம் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் அளவுக்கே, முறையாகத் தோண்டி, கிராவல் இறுக்கி, ஓரம் கட்டி, பேவர் போட எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். 36,000 ரூபாய் சொன்னார். சதுர அடிக்கு 200. முதலில் வந்த 95 ரூபாய் கொட்டேஷனுக்கும் இதற்கும் உள்ள 105 ரூபாய் வித்தியாசம் முழுக்க மண்ணுக்குள் போகிற வேலை.

யாராவது விலை கேட்கப் போகிறீர்கள் என்றால், ரேட்டைக் கேட்பதற்கு முன் ஆழத்தைக் கேளுங்கள். எத்தனை அங்குலம் தோண்டுவீர்கள், மண் யார் செலவு, கான்கிரீட் எத்தனை அங்குலம், வாட்டம் எந்தப் பக்கம், ஓரம் எதால் கட்டுவீர்கள். இதை ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டால், இரண்டு கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். அது இல்லாமல் 95க்கும் 340க்கும் ஒப்பீடே கிடையாது.

கூலியில் 3,000 ரூபாயை மழை பெய்து பார்க்கிற வரைக்கும் நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே பேசியிருந்தோம். மேஸ்திரியும் சரி என்று ஒத்துக்கொண்டிருந்தார். ஐப்பசியில் ராத்திரி முழுக்க அடித்த மழைக்குப் பிறகு காலையில் போய்ப் பார்த்தபோது தளத்தில் எங்கும் தண்ணீர் நிற்கவில்லை. கால்வாய் ஓரத்தில் இரண்டு கல்லுக்கு நடுவில் மட்டும் பாயிண்டிங் உதிர்ந்திருந்தது. போன் செய்தேன். அவரே வந்து சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினார். பாக்கிப் பணத்தைக் கொடுத்து அனுப்பினோம். மிஞ்சிய ஏழு கல்லைக் கிணற்றடியில் துணி துவைக்கிற இடத்துக்குப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறோம். அதற்குத் தனிக் கூலி, தை பிறந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார்.